மூன்று வீடுகளும் ஒன்பது கோழிகளும்

ஹார்ஸ்டன் மேடு, லங்காஷயர்
நவம்பர் 12

என் மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மேவிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி ரோலண்ட் எழுதுவது. நானும் பெரிலும் இங்கே சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்றும், நார்ஃபோக் கடற்காற்று அத்தானின் தோள்பட்டையைப் போன வருஷம் போல இந்த வருஷமும் பிடித்து ஆட்டவில்லை என்றும் நம்புகிறேன். நீ போட்ட தபால் அட்டை கிடைத்தது. "கம்ப்யூட்டர்ல வீடு மாத்தறேன்னு கிளம்பாதே ரோலி. எவனோ உன் வீட்டுல கால் நீட்டிப் படுத்திருப்பான், நீ பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பே" என்று எழுதியிருந்தாய். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் உட்காருவது ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் உன் அட்டை வந்த நாளில் நாங்கள் ஏற்கெனவே வீடு மாறிவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் முழுவதும் படி. நடந்ததை நினைத்தால் எனக்கே இன்னும் வாய் மூடவில்லை.

நீ போனை எடுப்பதில்லை என்பதால் உனக்குப் பாதி விஷயம் தெரியாது. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கெஸ்ட்ரல் கோர்ட் குடியிருப்பில் பதினோராவது மாடியில் நாங்கள் இருந்தது உனக்குத் தெரியும். அங்கே ஒரே ஒரு லிஃப்ட். அது மனமிருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. போன வருஷம் ஆகஸ்டில் பெரில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு மேலே வரும்போது ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. மூன்று மணி நேரம். தீயணைப்புக்காரர்கள் வந்து கதவைப் பிளந்தபோது அவள் உருளைக்கிழங்குப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "இனிமே இந்தப் பெட்டிக்குள்ள நான் போறதுன்னா இன்னொரு பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டுதான்." மீதி நாலு மாடியும் நடந்தே ஏறினாள். அவளுடைய முழங்கால்களும் நுரையீரலும் என்ன நிலையில் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். ஏறி முடித்தவள் கதவைச் சாத்தினாள். அப்புறம் பதினான்கு மாதம் வெளியே வரவில்லை, அக்கா. நான் மிகைப்படுத்தவில்லை. பதினான்கு மாதம். மழை பெய்கிறதா என்று என்னிடம்தான் கேட்பாள். ஜன்னல் இருக்கிறதே என்றால், "அது மேலேருந்து பாக்கற மழை, கீழே எப்படின்னு சொல்லு" என்பாள்.

தரைத்தளத்து வீடு வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்களை நிறுத்தி வைத்தால் மான்செஸ்டர் வரை போகும். அப்போதுதான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் இந்தச் சேதியைப் பார்த்தேன். நீ சொந்த வீட்டுக்காரி, உனக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. எங்களைப் போல வீட்டுவசதிச் சங்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவன் வீட்டை விற்க முடியாது. ஆனால் இன்னொரு ஊரில் இதேமாதிரி வாடகைக்கு இருப்பவனோடு மாற்றிக்கொள்ளலாம். அவன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு அவன். இரண்டு சங்கங்களும் கையெழுத்துப் போட்டால் போதும். மாற்றிக்கொள்ள ஆள் தேடுவதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது என்ன, நமக்கு வேண்டியது என்ன என்று எழுதிப் படம் போட்டு வைத்தால், நாடு முழுக்க எழுதி வைத்திருப்பவர்களோடு அது பொருத்தம் பார்க்கும்.

"பதினோராவது மாடியை யாரு கேப்பா? புறாதான் கேக்கும்" என்றாள் பெரில்.

நான் உண்மையை எழுதினேன். லிஃப்ட் உண்டு, சில நாள் ஓடும் என்றும் எழுதினேன். ஏழு மாதத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் இருந்தார். கடைக்குப் போக வாரத்துக்கு இரண்டு படகு என்றார். இன்னொருவர் தன்னிடம் மூன்று பாம்பு இருக்கிறது, மேல்மாடியில் வெயில் நன்றாக விழுமா என்று கேட்டார். மூன்றாவது ஒரு அம்மாள். வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. தன் மருமகனைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாள், கடைசியில் எல்லோரையும் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று முடித்திருந்தாள். அவள் மேல் எனக்கு இரக்கம்தான். ஆனால் அவள் இருந்ததும் ஒன்பதாவது மாடி.

அப்புறம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூலகத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதில் வந்திருந்ததை ஒன்பது தடவை படித்தேன், அக்கா. விஷயம் இதுதான்: உங்கள் வீடு ஒருவருக்குப் பிடித்திருக்கிறது. அவர் வீடு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அவர் வீடு மூன்றாவது ஒருவருக்குப் பொருந்துகிறது. அந்த மூன்றாமவர் வீடு உங்களுக்குப் பொருந்துகிறது.

நான் வீட்டுக்கு ஓடினேன். அதாவது பதினோரு மாடி நடந்தேன், அன்றைக்கு லிஃப்டுக்கு மனமில்லை. தேநீர்க் கோப்பை, சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி மூன்றையும் மேஜையில் வைத்து பெரிலுக்கு விளக்கினேன். கோப்பை நாம். கிண்ணம் யார்க்‌ஷயரில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு அம்மாள். ஜாடி இங்கே எட்டு மைலில் ஹார்ஸ்டன் மேட்டில் இருக்கும் ஒரு பெரியவர். கிண்ணம் கோப்பையின் இடத்துக்கு வரும், ஜாடி கிண்ணத்தின் இடத்துக்குப் போகும், கோப்பை ஜாடியின் இடத்துக்கு. மூன்றையும் நகர்த்திக் காட்டினேன்.

பெரில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு கீழ விழுந்தா?" என்றாள்.

"மூணும் போச்சு" என்றேன்.

அவள் ஜாடியை மேஜை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தாள்.

கிண்ணம் என்று நான் சொன்ன அம்மாள் பெயர் ரோசலின் ஹெப்வொர்த். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். வீட்டைப் பார்க்க அவள் வந்த அன்றும் லிஃப்ட் இல்லை. பதினோரு மாடி ஏறி வந்தவளுக்கு நியாயமாக எங்கள் மேல் கோபம் வரவேண்டும். அவளோ உள்ளே நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். அங்கேயே நின்றாள். தேநீர் ஆறிப்போனது.

"கீழ ஆறு எதுவும் இல்லையே?" என்றாள்.

"ஒரு கால்வாய் இருக்கும்மா. அரை மைல் தூரம்" என்றேன்.

"இங்கேருந்து தரை எத்தனை அடி?"

"நூறு அடிக்கு மேல இருக்கும்."

"நூறு அடி" என்று அவளும் சொன்னாள், கோயிலில் சொல்வது போல. அப்புறம்தான் உட்கார்ந்தாள். அவள் வீட்டில் இரண்டு தடவை வெள்ளம் புகுந்திருக்கிறது. இரண்டாவது தடவை கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஏழு படி ஏறியதாம். "அன்னிலேருந்து மழை பேஞ்சா நான் செருப்பைக் கழட்டாம தூங்கறேங்க. மூணு வருஷமாச்சு" என்றாள். பிறகு தரையைக் குனிந்து பார்த்தாள். "இந்த வீட்டுக்குத் தண்ணி வரணும்னா நோவா மறுபடி கப்பல் கட்டணும், இல்ல?"

"கட்டினாலும் இங்க நிறுத்த இடமில்லை, வண்டி நிறுத்தவே இடமில்லை" என்றாள் பெரில்.

ரோசலின் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கா, அந்த ஜன்னலை நாங்கள் மாதக்கணக்காகச் சிறைச்சாலை ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தோம். அதே ஜன்னல் முன்னால் நின்று ஒருத்தி நிம்மதியில் அழுகிறாள். நான் சமையலறைக்குள் போய் காரணமே இல்லாமல் ஒரு துணியை மடித்து வைத்தேன்.

அடுத்து வீட்டைச் சோதிக்கச் சங்கத்திலிருந்து மிஸ் ஃபர்ஹானா என்று ஒரு பெண் வந்தாள். சுறுசுறுப்பான பெண், கையில் பலகை மாதிரி ஒரு கருவி. நாங்கள் அனுமதியில்லாமல் எதையாவது இடித்தோமா கட்டினோமா என்று பார்ப்பது அவள் வேலை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் நான் 1991-ல் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினேனே, தட்டு நீட்ட வசதியாக, ஞாபகம் இருக்கிறதா? அத்தான்கூட அது கோணலாக இருக்கிறது என்றார். அதன் முன்னால் ஒரு பெரிய படத்தை மாட்டி மறைத்து வைத்திருந்தேன். மிஸ் ஃபர்ஹானா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ்டர் கிரிம்ஷா, இந்தப் படம் ஏன் இவ்வளவு கீழ மாட்டியிருக்கு?" என்று அவள் கேட்கவும், படம் ஒரு பக்கமாக நகரவும், பின்னாலிருந்து பெரிலின் தலை வெளியே வரவும் சரியாக இருந்தது.

"கண்ணு, உனக்குச் சர்க்கரை எத்தனை?"

அந்தப் பெண் படத்தையும் பெரிலின் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் "ரெண்டு" என்றாள். அந்த ஓட்டை வழியாகவே கோப்பையை வாங்கிக்கொண்டாள். குடித்து முடித்துவிட்டு, "வரைபடத்துல இது இல்ல. ஆனா வரப்போறவங்க இப்படியே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்தா நான் விட்டுடலாம்" என்றாள். ரோசலின் அன்றே எழுதிக்கொடுத்தாள். தண்ணீர் வராத வீட்டில் ஓட்டை எத்தனை இருந்தால் அவளுக்கு என்ன.

ஜாடியைப் பார்க்க நான் தனியாகப் போனேன். சிரில் டெபட், எழுபத்து நாலு வயது, ஓய்வு பெற்ற தபால்காரர். ஹார்ஸ்டன் மேட்டில் மாடியே இல்லாத சின்ன வீடு. வாசலிலும் படி கிடையாது, பின்கட்டிலும் படி கிடையாது. நான் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு இடத்திலும் காலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விடுகிறார் என்று கேட்டேன். அவர் ரோசலின் வீட்டுப் படத்தைக் காட்டினார். பின்கதவிலிருந்து ஒன்பது அடியில் ஆறு ஓடுகிறது.

"முப்பத்தோரு வருஷமா மீன் பிடிக்க ரெண்டு பஸ் மாறிப் போறேன். இங்க பாருங்க, கதவைத் தெறந்தா தூண்டில்" என்றார்.

"வெள்ளம் வருமே, சிரில்?"

"வரட்டுமே. நான் மாடியில இருப்பேன். மீன் வீட்டுக்கே வரும்."

இந்த மனிதரைக் கடவுள் எங்களுக்காகவே தனியாகச் செய்து வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தி எதைக் கண்டு செருப்போடு தூங்குகிறாளோ அதற்காகவே இன்னொருத்தர் முப்பத்தோரு வருஷம் பஸ் மாறியிருக்கிறார். நாங்கள் எதில் அடைபட்டுக் கிடந்தோமோ அது அவளுக்குக் கோட்டை. இவர்களை எல்லாம் எங்கோ ஒரு இயந்திரம், யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்துக் கோத்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். நான், இந்த வழித்தடத்தில் பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவன்.

மூன்று சங்கங்களும் கையெழுத்துப் போட்டன. அக்டோபர் 28 திங்கட்கிழமை, மூன்று வீடும் ஒரே நாளில் மாறுவது என்று முடிவானது. பெட்டி கட்டினோம். வீடு மாறப் பத்து நாள் இருக்கும்போது காலை பத்து மணிக்கு சிரில் போன் செய்தார்.

"ரோலண்ட், நான் வரல."

"ஏன் சிரில்?"

"அந்த வீட்டுல கோழி வளர்க்கக் கூடாதாம். இப்பதான் காகிதத்தை முழுசாப் படிச்சேன். என் கோழிங்கள விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். மன்னிச்சுடுங்க." போனை வைத்துவிட்டார்.

அவரிடம் ஒன்பது கோழிகள் இருந்தன. நான் போனபோது தோட்டத்தில் பார்த்தேன். ஆனால் அவை சங்கிலியில் ஒரு கண்ணி என்று எனக்கு எப்படித் தெரியும்? ரோசலினுக்குச் சொன்னேன். மறுமுனையில் அவள் சமையல் செய்யும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "சரிங்க. இங்க இன்னிக்கு மழைதான்" என்றாள். அவ்வளவுதான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரில் படுக்கையறைக்குப் போனாள். படுத்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பூச்சி உருண்டை வாசனை. தலையில் தொப்பி.

"எங்க போற?"

"கோழியைப் பாக்க."

"பெரில், லிஃப்ட் இன்னிக்கு ஓடுது. ஆனா நீதான்..."

"படியிருக்கில்ல."

அக்கா, உனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினோரு மாடி. முழங்கால் வலிக்காமல் இருக்க, அவள் திரும்பி நின்று, மேலே பார்த்தபடி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினாள். ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, இரண்டு மூச்சு. நான் கீழே நின்று, விழுந்தால் பிடிப்பதாக ஏற்பாடு. அவள் என் மேல் விழுந்தால் இரண்டு பேருமே காலி என்பது இருவருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை. எட்டாவது மாடியில் ஸ்வாவெக் என்று ஒரு போலந்துக்காரர், இரவு வேலை முடித்துத் தூங்கப் போகிறவர், சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நாற்காலியோடு வந்தார். ஒவ்வொரு மாடியிலும் அந்த நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்து, எழுந்ததும் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு முன்னால் ஓடினார். நாலாவது மாடியில் மிஸஸ் அடெபாயோ இஞ்சித் தேநீர் கொண்டு வந்து, "இறங்கறது பாதிதான், ஏறறதுக்கு மூச்ச மிச்சம் வைங்க" என்றாள். "வாய மூடுங்கம்மா, அதை நான் இன்னும் யோசிக்கல" என்றாள் பெரில். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கீழே போய் நான் பெரிய கதவைத் தள்ளித் திறந்தேன். காற்று அவள் முகத்தில் அடித்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரோலி, குளுருது" என்றாள்.

யாரோ பரிசு கொடுத்தது போலச் சொன்னாள்.

பஸ்ஸில் ஓட்டுநர் என் பழைய சிநேகிதர் மகள். வண்டியின் முன்பக்கத்தை நடைபாதை அளவுக்குத் தாழ்த்தி பெரிலை ஏற்றிக்கொண்டாள். சிரில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்த்தார். பெரில் மூச்சு வாங்கியபடியே, "பதினோரு மாடி எறங்கி வந்திருக்கேன். உக்கார எடம் குடுத்துட்டுத் துரத்துங்க" என்றாள். அவர் தோட்டத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பெரிலுக்குப் பறவை என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியுமே. ஒரு புறா வீட்டுக்குள் வந்ததற்கு நாலு மணி நேரம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள். கோழிகள் அவள் செருப்பைச் சுற்றி வந்தன. அவள் கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.

"இதுங்களுக்குப் பேரு உண்டா?"

"உண்டு. அது ஆக்னஸ். அது வினிஃப்ரெட். அந்தக் கறுப்பு, ஹெஸ்டர். எல்லாம் என் மச்சினிங்க பேரு."

"ஏன்?"

"குரல் ஒண்ணு போல இருக்கும்."

பெரில் யோசித்தாள். "இந்தக் கோழிங்க இங்கயே இருக்கட்டும். இந்த வீட்டுல வெச்சுக்கலாம்தானே? நாங்க பாத்துக்கறோம். முட்டை ஆளுக்குப் பாதி. நீங்க எப்ப வேணா வந்து பாருங்க."

"நீங்களா? உங்களுக்குக் கோழின்னா பயம். கால் ரெண்டும் மேல இருக்கு."

"பயந்தா பாத்துக்க முடியாதா?"

சிரில் போய், அந்தக் கறுப்புக் கோழியைத் தூக்கி வந்து நீட்டினார். "அஞ்சு நிமிஷம் பிடிங்க, பாப்போம்."

அக்கா, அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். ஹெஸ்டர் மடியில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைக் கொத்தியது. சிரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தபால்காரர் அல்லவா, நேரத்தில் கறாராக இருப்பார். மூன்றாவது நிமிஷத்தில் பெரில் ஒரு கண்ணைத் திறந்தாள். நாலாவது நிமிஷத்தில், "இது சூடா இருக்கே" என்றாள். ஐந்து முடிந்தும் கோழியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குப் புரியவில்லை.

"சரி, நான் போறேன்" என்றார் சிரில். போகிறேன் என்றால், ஆற்றங்கரைக்கு.

மேலே எப்படி ஏறுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கெஸ்ட்ரல் கோர்ட் வாசலில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. பெரில் லிஃப்டையே பார்த்தாள். "ஒரு கோழியைத் தூக்கியாச்சு, இது என்ன" என்று சொல்லி உள்ளே போய் நின்றுவிட்டாள். அது முனகாமல் பதினோராவது மாடி வரை போனது. வெளியே வந்ததும் என் காதில், "இதுல நான் ஏறினேன்னு சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே. அப்புறம் உங்களுக்கு எதுக்கு வேற வீடும்பாங்க" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. மூன்று வண்டிகள், மூன்று ஊர்கள். பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டோம். புதுச் சாவி கைக்கு வர பன்னிரண்டரை ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரம் எங்கள் நாலு பேருக்கும் பூமியில் எங்கேயுமே வீடு கிடையாது. எல்லாம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ரவுண்டானாவில் எதிரே ஒரு வண்டி வந்தது. கூரையில் பச்சை நிற சோபா, ஜன்னலில் ரோசலின். ஹாரன் அடித்தாள். எங்கள் வண்டிக்காரரும் அடித்தார். எங்கள் கட்டிலும் அவளுடைய சோபாவும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, அவள் எங்கள் வீட்டுக்கும் நாங்கள் இன்னொருவர் வீட்டுக்குமாகப் பிரிந்து போனோம். பெரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எத்தனையோ ரவுண்டானாவைச் சுற்றியிருக்கிறேன், அக்கா, இப்படி ஒரு ரவுண்டானாவைப் பார்த்ததில்லை.

இங்கே முதல் நாள் காலை எழுந்தால் பெரிலைக் காணோம். பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே நின்றாள். உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். நான் எண்ணினேன், பதினான்கு தடவை. எதற்கும் இல்லை, ஒன்றையும் எடுக்கவோ வைக்கவோ இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "மழை வரப்போகுது ரோலி. கீழ எப்படின்னு நான் சொல்றேன், கேளு" என்றாள்.

ஆகவே, அக்கா, நீ பயந்தது போல யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பஸ் ஸ்டாண்டில் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் இருக்க வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம், இனி இறுதி வரை அப்படியே. இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது, தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோடு. கிறிஸ்துமஸுக்கு நீயும் அத்தானும் கட்டாயம் வரவேண்டும். அமைதியான வீடு. மூன்று பேர் வந்து கதவைத் தட்டினால் அதிசயம்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய தோள்பட்டையைக் கேட்டதாகச் சொல். உன் பூனைக்கு பெரிலின் அன்பு. நீ நூறு வயது இருந்து, தபால் அட்டை போட்டு, என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் கீழ்ப்படியாத தம்பி,
ரோலண்ட் கிரிம்ஷா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி எட்டு நாள் ஆகிறது. மழையில் தபால் பெட்டி வரை போக முடியவில்லை. இதற்குள் சில மாற்றங்கள். சனிக்கிழமை சிரில் கோழிகளைப் பார்க்க வந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் ஆறு பெருகியதால் பள்ளத்தாக்குச் சாலையை மூடிவிட்டார்கள். மீன் அவர் வீட்டுக்கே வந்துவிட்டதாம், அவர்தான் இங்கே இருக்கிறார், அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். கூடத்து சோபாவில் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை ரோசலின் தலையணையோடு வந்து நின்றாள். "தண்ணி வராதுன்னு சொன்னீங்க. காத்து இப்படி ஊளையிடும்னு யாருமே சொல்லலையே! கட்டடமே ஆடுதுங்க" என்றாள். ஒரே ஒரு நாள் என்றுதான் சொன்னாள். உனக்கென்று சொன்ன அறையில் இருக்கிறாள். ஆக, மூன்று வீட்டில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, நாலு பேரும் ஒன்பது கோழியும் இங்கே. ரோசலின் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிற அளவில் சமைக்கிறாள். சிரில் பாத்திரம் துலக்குகிறார். பெரில் இத்தனை சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. நேற்று என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினாள். நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன்: "தருவது: மேட்டுல ஒண்ணு, ஆத்தங்கரையில ஒண்ணு, பதினோராவது மாடியில ஒண்ணு, ஆக மூணு வீடு. வேண்டியது: ஒரே வீடு. நாலு அறை, படி கூடாது, காத்து கூடாது, பக்கத்துல மீன் இருக்கணும், கோழிக்கு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

இப்படி ஒரு வீடு உலகத்திலேயே கிடையாது என்று சொல்லிவிட்டு நான் செய்தித்தாள் படிக்கப் போனேன். ஒரு மணி நேரத்தில் பொருந்துகிறது என்று பதில் வந்துவிட்டது, அக்கா.